நூற்றுக்குப் பன்னிரண்டு

சப்ஹானில் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனி
போன மார்ச்சில் விலையை ஏற்றியபோது
வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் அடித்தவன் நான்.
‘காகித விலை, கப்பல் கூலி, மின்கட்டணம் யாவும்
எங்கள் கையை மீறி உயர்ந்துவிட்டபடியால்
மிகுந்த வருத்தத்துடன்
நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டியுள்ளது.
தங்கள் நல்லாதரவு தொடருமென நம்புகிறோம்.’
வருத்தத்துக்கு முன்னால் ‘மிகுந்த’ போட்டது
மேனேஜர் நஸீப் சார்.
மற்றதெல்லாம் என்னுடையது.

சால்மியா பேக்கரிக்காரன் மறுநாளே ஒப்புக்கொண்டான்.
ஹவல்லி செருப்புக்கடை மூன்று நாள் முறைத்துவிட்டு
முத்திரை குத்தி அனுப்பியது.
செருப்பை வெறுங்கையிலா நீட்ட முடியும்?

எட்டு வருடமாய் எனக்கு நூற்று அறுபது தினார்.
மங்காஃபில் கட்டில் வாடகை இருபதாயிருந்தது,
இப்போது இருபத்தெட்டு. அதே கட்டில், அதே கிறீச்.
குப்பூஸ் மட்டும் ஏறவில்லை, புண்ணியம்.
ஆனால் குப்பூஸுக்குள் எதையாவது வைக்கவேண்டியிருக்கிறதே.
தினாருக்கு ரூபாய் கூடியிருக்கிறதாமே என்கிறாள் செலின்மேரி.
கூடியதை மகளின் காலேஜ் ஃபீஸ்
வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்கிறது.

ஆகவே ஒரு வியாழக்கிழமை மதியம்
அந்தப் பழைய கடிதத்தைத் திறந்து
‘எங்கள்’ வரும் இடத்திலெல்லாம் ‘என்’ ஆக்கினேன்.
காகிதம் இருந்த இடத்தில் அரிசி.
கப்பல் கூலிக்குப் பஸ் கூலி.
மின்கட்டணத்தை எடுத்துவிட்டேன், அது கட்டிலோடு அடக்கம்.
‘மிகுந்த வருத்தத்துடன்’ அப்படியே கிடந்தது.
கீழே: அ. மரியநாயகம், ஆபீஸ் அசிஸ்டெண்ட்.

நஸீப் சார் பாதியில் நிமிர்ந்தார்.
“எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே.”
“நீங்கள் கையெழுத்துப் போட்டதுதான் சார்.”
சிரித்தார். பொய்ச் சிரிப்பு இல்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு.
எனக்குக் காவாகூட ஊற்றித் தந்தார்.
பிறகு மேஜையின் இரண்டாம் இழுப்பறையைத் திறந்தார்.
“மரியா, பெட்டி வாங்குகிறவனுக்கு வேறு கடை தூரம்.
எனக்கு வேறு ஆள் இவ்வளவு பக்கம்.”
ரப்பர் பேண்டு போட்ட பயோடேட்டாக் கட்டு.
மேலாக இருந்த போட்டோவில் ஒரு பையன்,
நான் விமானம் ஏறும்போது வைத்திருந்த மீசையோடு.

“இதற்கு ஒரு பதில் அடித்துக் கொண்டு வா,
கையெழுத்துப் போடுகிறேன்.”
“என்னவென்று சார்?”
“உனக்குத் தெரியாததா.”

தெரியும்.
ஃபைலில் பதினொரு பதில்கள் இருக்கின்றன.
‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’
ஃபோர்க்லிஃப்ட் லியாகத்துக்குப் போன ரம்ஜானுக்கு முன்பு அடித்தேன்.
அவன் பெயருக்கு இங்கிலீஷில் க்யூவா, கேயா
என்று யோசித்ததைத் தவிர
அன்றைக்கு வேறெதுவும் யோசிக்கவில்லை.
என் மேல்கட்டில்காரன் அவன்.

எனக்கான பதிலில் என் பெயரை அடித்தேன்.
விரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.
ஒரு நகல் எனக்கு, ஒரு நகல் ஃபைலுக்கு.
துளை போட்டுக் கோத்தேன், பன்னிரண்டாவதாக.

இரவு லியாகத் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்,
பாதியை நாளைக்கென்று கிண்ணத்தால் மூடி.
“என்னவாம்?”
நீட்டினேன்.
ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தான்.
இங்கிலீஷ் அவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்,
ஆனால் இந்தக் கடிதம் மனப்பாடம்.
“அச்சு அசல் என்னுதுதான்” என்றான்.
குழம்பைக் கிளறினான். அடுப்பைத் தணித்தான்.
“எனக்கு மட்டும் க்யூ போட்டிருந்தே.
பாஸ்போர்ட்ல கே.
ஒரு வருஷமா சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”